அப்பா கையில் ஒரு வேப், தம்பி பையில் ஒரு வேப்

வாசகி ஒருவரின் கடிதம்:

"பேராக் மாநிலம் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்து லயத்திலிருந்து தாமான் குடியிருப்புக்கு மாறி வந்த குடும்பம் நாங்கள். அப்பாவுக்கு 56 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பதினேழு வயதில் பிடித்த சிகரெட் இன்று நாளுக்கு 25. கண் விழித்ததும் கோப்பிக்கு முன்னால் ஒன்று பற்ற வைத்தாக வேண்டும். ஒட்டுக்கடையில் ஆறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் கள்ள சிகரெட்தான் வாங்குவார். மூன்று மாதமாக இருமல். தைப்பூச விரதத்தில் மட்டும் தொடவே மாட்டார். காவடி இறக்கிய அன்று சாயங்காலமே பற்ற வைத்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு முன் கூட வேலை செய்பவர் சொல்லி வேப் என்கிற மின்சிகரெட் வாங்கினார், சிகரெட் பத்தாகக் குறைந்தது. போன வாரம் படிவம் நான்கு படிக்கும் தம்பியின் புத்தகப் பையில் ஸ்ட்ராபெரி வாசனையோடு இன்னொரு வேப்பைப் பார்த்தேன். அம்மா இரண்டையும் ஆற்றில் வீசச் சொல்கிறார். 'அதில் போதைமருந்து கலக்கிறார்கள், அதற்குச் சிகரெட்டே தேவலை' என்கிறார் மாமா. பாட்டியோ, 'ஐம்பது வருஷமா வெத்தலையோட பொகயில போடறேன், எனக்கு என்ன ஆச்சு' என்கிறார். வேப்பைத் தடை செய்தால் நல்லது என்று தம்பியைப் பார்க்கும்போது தோன்றுகிறது. அப்பாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த இருமலைப் பார்ப்போம். மற்றதெல்லாம் பிறகு. நாற்பது வருஷம் புகைத்த ஒருவருக்கு மூன்று மாதம் நீடித்த இருமல் இருந்தால் அது பழைய புகை இருமல்தான் என்று விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளிதான். நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான சளிப் பரிசோதனை, நுரையீரல் ஊதிப் பார்க்கும் சோதனை, இந்த மூன்றையும் கேளுங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, சாப்பாடு குறையாமலே உடம்பு இளைத்தாலோ வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், நேராகத் தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி வேப். நான் மருந்தாளர். அரசாங்கக் கிளினிக்கில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்த மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கிளினிக்கில் இருந்த காலத்தில் காலை வேளையில் என் முன்னால் ஒரு வரிசை நிற்கும், ஹெராயின் ஊசிக்கு அடிமையானவர்களின் வரிசை. நம் மலேசியாவில் 2005இல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது, ஹெராயினுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுக்கும் மருந்து அது. 2006இல் பழைய ஊசிக்குப் பதில் புது ஊசி கொடுக்கும் திட்டம் வந்தது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததில் எச்.ஐ.வி. காட்டுத்தீயாகப் பரவியிருந்த நேரம் அது. 'போதைக்காரனுக்கு அரசாங்கமே போதை கொடுக்குதா' என்று கோயில் வாசலில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. நான் அளந்து ஊற்றிக் கொடுத்த மெத்தடோனும் அடிமைப்படுத்தும் பொருள்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதைக் குடித்தவர்கள் ஊசியை விட்டார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளையைப் பள்ளியில் கொண்டு விட்டார்கள். ஒரு பழக்கத்தை இன்றே அறுக்க முடியாதபோது அதில் ஆளைக் கொல்லும் பகுதியை மட்டும் முதலில் எடுத்துவிடுவது, இதைத்தான் தீங்கு குறைப்பு என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2005இல் ஏற்றது. புகையிலைக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று அது விளக்கும் முதல் பிரிவிலேயே தீங்கு குறைப்பு என்ற சொல்லும் இருக்கிறது.

சிகரெட்டில் ஆளைக் கொல்லும் பகுதி எது? நிக்கோட்டின் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிக்கோட்டின் கட்டிப்போடும், விடாது. இதயத் துடிப்பை ஏற்றும், கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் ஆகாது. ஆனால் புற்றுநோயையும் மூச்சுக்குழாய் அடைப்பையும் கொண்டு வருவது இலை எரியும்போது வரும் தாரும் புகையும். அந்தப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் எழுபது அளவில் புற்றுநோய் உண்டாக்குபவை. மைக்கேல் ரசல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1976லேயே எழுதினார், மனிதர்கள் நிக்கோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரினால் சாகிறார்கள் என்று. புகை நிறுத்தும் கிளினிக்கில் ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள், அது மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடைக் காட்டும். அப்பா பத்து சிகரெட் பிடித்த நாளில் ஊதினால் எண் ஏறி நிற்கும். ஒன்றிரண்டு நாள் சிகரெட்டைத் தொடாமல் ஊதினால் புகைக்காதவர் அளவுக்கு இறங்கிவிடும், வேப் பிடித்திருந்தாலும் அப்படித்தான். வாயால் நூறு தடவை சொல்வதைவிட அந்த எண்ணை அவர் கண்ணால் பார்ப்பது மேல்.

வேப்பில் இலை எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகத்தான் வரும். ஆகவே அப்பாவைப் பொறுத்தவரை மாமா சொன்னது தவறு. நாளுக்கு 25 பிடித்தவருக்கு, கலப்படமில்லாத வேப் சிகரெட்டைவிடத் தீங்கு மிகவும் குறைந்தது. குறைந்தது என்றால் தீங்கே இல்லை என்று பொருளில்லை. முப்பது நாற்பது வருஷம் வேப் மட்டும் பிடித்தவர்கள் இன்னும் உலகத்தில் இல்லை, அந்த முடிவுகள் வரக் காலம் ஆகும். விடுவதற்கு அது உதவுமா என்றால், உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரு வருஷம் கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் வேப் கொடுக்கப்பட்ட குழுவில் 18 விழுக்காடு, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவை கொடுக்கப்பட்ட குழுவில் 9.9 விழுக்காடு. அதே ஆய்வின் இன்னொரு எண்ணை வேப் விற்பவர்கள் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். வேப் வழியாக விட்டவர்களில் எண்பது விழுக்காட்டினர் ஒரு வருஷம் ஆகியும் வேப்பை விடவில்லை. மற்றக் குழுவில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் ஒன்பது விழுக்காடுதான்.

இங்கே உங்கள் வீட்டில் நடப்பதுதான் எனக்குக் கவலை. 25 பத்தாகக் குறைந்ததே என்று நீங்கள் எல்லாரும் ஆறுதல்பட்டிருப்பீர்கள். இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு ஏறும் மாரடைப்பு அபாயத்தில் பாதிக்கு நெருக்கமாக ஏறுகிறது என்று 2018இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. காலையில் சிகரெட், லோரியில் வேப் என்று இரண்டையும் வைத்திருந்தால் அப்பாவுக்குக் கிடைக்கும் நன்மை மிகக் கொஞ்சம். மாறினால் முழுசாக மாற வேண்டும். அதனால் அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பாவின் வேப்பை இப்போதைக்கு வீச வேண்டாம், முதலில் வீச வேண்டியது அந்த மிச்சப் பத்து சிகரெட்டை.

என்னிடம் கேட்டால் கிளினிக்கில் கொடுக்கும் நிக்கோட்டின் மருந்தைத்தான் முதலில் சொல்வேன். அளவு தெரிந்தது, கலப்படம் இல்லை, படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும் வழி உண்டு. எழுந்த அரை மணிக்குள் பற்ற வைப்பவர் என்பதால் சூயிங்கம் என்றால் அவருக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. வேண்டும். பட்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். 'அதையெல்லாம் பாத்தாச்சு, விக்கல் வந்ததுதான் மிச்சம்' என்று சொல்லும் தோட்டத்து ஆண்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எப்படி மென்றீர்கள் என்று கேட்டால், வெற்றிலை மெல்வது போல விடாமல் மென்று சாற்றை விழுங்கியிருப்பார்கள். நிக்கோட்டின் வயிற்றுக்குப் போனால் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல். மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும், நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. கோப்பி குடித்துக் கால் மணி ஆவதற்குள் வாயில் போட்டால் மருந்து சரியாக ஏறாது.

கோப்பி பற்றி இன்னொன்று. சிகரெட் புகை ஈரலைத் தூண்டி கோப்பியின் கஃபீனை வேகமாகக் கழித்துக்கொண்டிருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும், அதே நாலு கோப்பி எட்டு கோப்பி மாதிரி வேலை செய்யும். தூக்கம் வராது, கை நடுங்கும், எரிச்சல் வரும். சிகரெட்டை விட்டதால்தான் இப்படி என்று எண்ணி மறுபடி பற்ற வைத்துவிடுவார்கள். விடும் நாளிலிருந்தே கோப்பியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை எடுக்கிறார் என்றால் அதற்கும் இதே கதைதான், அளவை மாற்ற வேண்டி வரலாம், கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது தம்பி. அப்பாவுக்குச் சொன்ன ஒரு வார்த்தையும் அவனுக்குப் பொருந்தாது. அப்பா கையில் வேப், எரியும் வீட்டிலிருந்து வெளியே குதிக்கும் ஜன்னல். தம்பி எரியும் வீட்டில் இருக்கவே இல்லை. பதினாறு வயது மூளை நிக்கோட்டினுக்குப் பெரியவர் மூளையைவிடச் சீக்கிரம் பழகும், கவனமும் தூக்கமும் கெடும். அடிக்காதீர்கள், பள்ளியில் போய் அவமானப்படுத்தாதீர்கள். யார் கொடுத்தது, எங்கே வாங்கினாய், எழுந்தவுடன் தேடுகிறாயா, இந்த மூன்றையும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். எழுந்தவுடன் தேடுகிறான் என்றால் அவனையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

அவன் விஷயத்தில் மாமாவின் பயம் நியாயமானது. பெயர் தெரியாத ஆளிடம் வாங்கும் திரவத்தில் செயற்கைக் கஞ்சாவும், மயக்க மருந்தான எட்டோமிடேட்டும் கலந்திருப்பது நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் பிடிபட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2019இல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் வேப் பிடித்தவர்களில் 2,807 பேர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. தம்பி எப்போதாவது கண் சொக்கி, கைகால் உதறி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருந்தால் திட்டி நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அந்தச் சாதனத்தையும் கூடவே எடுத்துப் போங்கள்.

தடை வேண்டுமா என்று கேட்டீர்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, ஒளிக்கவில்லை. நிக்கோட்டின் திரவம் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் இருந்தது. மருத்துவரும் உரிமம் பெற்ற மருந்தாளரும் தவிர யாரும் விற்கக் கூடாது. காகிதத்தில் அது ஏறக்குறையத் தடைதான். ஆனால் ஊருக்கு ஊர் வேப் கடை திறந்துதான் கிடந்தது. 2011இல் பெரியவர்களில் 0.8 விழுக்காடாக இருந்த வேப் பழக்கம் 2023இல் 5.8 ஆனது. பதின்ம வயதினரில் 2017இல் 9.8, 2022இல் 14.9. இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி சட்டப் புத்தகத்தில் நச்சுப்பொருள் என்று எழுதியிருந்த காலத்திலேயே வந்தது. பிறகு 31 மார்ச் 2023 அன்று அந்தப் பட்டியலிலிருந்து நிக்கோட்டின் திரவத்தை எடுத்தார்கள். மறுநாள் முதல் மில்லிலிட்டருக்கு 40 காசு வரி. சிறுவருக்கு விற்கக் கூடாது என்று சொல்லும் சட்டமோ 1 அக்டோபர் 2024 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் பதினெட்டு மாதம். அந்தப் பதினெட்டு மாதமும் நான் புகையை விட நினைப்பவர்களுக்கு நிக்கோட்டின் சூயிங்கம்மை வயது கேட்டு, விளக்கம் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன். நாலு கடை தள்ளிப் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் பழ வாசனைத் திரவம் வாங்கிக்கொண்டு போனார்கள். வரி வாங்கத் தெரிந்தது, வயது கேட்கச் சட்டம் இல்லை. அதன் பெயர் தீங்கு குறைப்பு இல்லை. தீங்கு குறைப்பு என்றால் மருந்தை நோயாளி வாசலில் வைப்பது, பள்ளிக்கூட வாசலில் இல்லை.

உங்கள் தம்பி 2007க்குப் பிறகு பிறந்தவன் என்று கணக்கிடுகிறேன். 2022இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் கொண்டுவந்த மசோதா, 1 ஜனவரி 2007 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டும் வேப்பும் என்றைக்குமே விற்கக் கூடாது என்றது. ஒரே நாட்டுக் குடிமக்களைப் பிறந்த தேதி பார்த்துப் பிரிப்பது அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு முரண் என்ற சட்டத்துறைத் தலைவரின் கருத்தை அடுத்து, 2023 நவம்பரில் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறிய வடிவிலிருந்து அந்தப் பகுதி நீக்கப்பட்டது. மாலத்தீவு இப்போது அதே 1 ஜனவரி 2007 தேதியை வைத்துச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நம் மசோதாவிலிருந்து அந்தப் பகுதி போனதில் எனக்கு இன்றும் வருத்தம்.

மிஞ்சி நிறைவேறிய அந்தப் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, வெறும் காகிதமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பிள்ளைகள் புகைத்தாலும் குற்றம், இணையத்தில் விற்கக் கூடாது, கடையில் பார்வைக்கு அடுக்கி வைக்கக் கூடாது. அதைத் தோட்டத்து ஒட்டுக்கடை வரைக்கும் கொண்டுபோக ஆள் வேண்டும். ஜொகூர் 2016 முதலே வேப் விற்பனையைத் தடுத்திருக்கிறது, திரெங்கானு 2025 ஆகஸ்டில் தடுத்தது, மத்திய அரசும் முழுத் தடை பற்றிப் பேசுகிறது. பழ வாசனை, பொம்மை போன்ற உருவம், பிடித்துவிட்டுத் தூக்கியெறியும் வகை, இவை மூன்றையும் நாளைக்கே தடை செய்தால் கைதட்டுவேன். ஆனால் முழுத் தடை வந்தால் உங்கள் அப்பா எதற்குத் திரும்புவார்? சட்டப்படி விற்கும் சிகரெட் பெட்டி விலை அதிகம். அதை அவர் வாங்குவதே இல்லை, ஆறு வெள்ளிப் பெட்டிதான் வாங்குகிறார். நாட்டில் விற்கும் சிகரெட்டில் பாதிக்கு மேல் இப்படி வரி கட்டாதவை என்று சிகரெட் நிறுவனங்களின் கணக்கே சொல்கிறது. அந்த எண்ணைக் காட்டி வரியைக் குறைக்கச் சொல்லும் அவர்கள் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பக்கம் ஆறு வெள்ளிப் பெட்டி கிடைப்பது எனக்குக் கண்கூடு. மிக அதிகமாகக் கொல்லும் பொருள் மிக மலிவாகவும் மிகப் பக்கத்திலும் கிடைக்கும்போது, குறைவாகக் கெடுக்கும் பொருளை மட்டும் பூட்டினால் என்ன நடக்கும் என்பது உங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடும். புகைப்பவர் என்று பதிவு செய்த பெரியவருக்கு, மருந்துக்கடையில், வாசனை இல்லாமல், அளவு எழுதி, காலக்கெடு வைத்துக் கொடுக்கலாம். மெத்தடோனை அப்படித்தானே கொடுத்தோம். முதலில் பிடிக்க வேண்டியது கள்ள சிகரெட்டையும் போதை கலக்கும் கூட்டத்தையும்.

பாட்டியை மறக்கவில்லை. சுவீடனில் ஆண்கள் சிகரெட்டை விட்டு ஸ்னூஸ் என்ற ஈரப் புகையிலையை உதட்டுக்குள் வைக்கப் பழகினார்கள், அங்கே ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு, 'அப்ப நம்ம வெத்தலப் பொகயிலயும் நல்லதுதானே' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. ஸ்னூஸ் சூடேற்றிப் பதப்படுத்தி, புற்றுநோய் தரும் நைட்ரோசமைன்களைக் குறைத்துச் செய்வது. நம்முடையது அப்படிப்பட்டதில்லை, கூடவே பாக்கும் சுண்ணாம்பும் சேர்கின்றன. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் முடிவு செய்தது. மலேசியாவில் வாய்ப்புற்று மிக அதிகமாக வருவது இந்தியர்களுக்குத்தான், அதிலும் வெற்றிலை போடும் வயதான பெண்களுக்கு. பாட்டியை அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் வாயைக் காட்டுங்கள். வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுகிப்போவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். ஒரே நாளில் விடமாட்டார் என்றால் முதலில் புகையிலையை எடுக்கச் சொல்லுங்கள், அடுத்தது பாக்கு. வெற்றிலையை மட்டும் மெல்லட்டும்.

கடைசியாக அந்தக் காவடி. விரத நாட்களில் தொடாத மனுஷனுக்கு விட மனவலிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காவடி இறக்கிய சாயங்காலத்துக்கு அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை, குறை அதுதான். இன்னும் சில வாரங்களில் விரதம் தொடங்கும். அதற்குள் கிளினிக்கில் பதிந்து, விரதம் தொடங்கும் நாளையே விடும் நாளாக வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குச் சிகரெட்டும் வேப்பும் சேர்ந்து வீட்டை விட்டுப் போகட்டும். விரதத்தில் பட்டை ஒட்டலாமா என்று கேட்பார். விரதம் இருப்பவர்கள் சர்க்கரை மாத்திரை விழுங்குவதில்லையா, இதுவும் மருந்துதான். சிகிச்சை பன்னிரண்டு வாரம் ஓடும், நாற்பத்தெட்டு நாள் விரதம் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். தைப்பூசத்தன்று சாயங்காலம் அவர் கையில் பட்டை ஒட்டியிருக்கும், சட்டைப் பையில் சூயிங்கம் இருக்கும், வீட்டில் இன்னும் ஐந்து வாரத்து மருந்து இருக்கும். அன்றைக்கு நீங்கள் அவர் பக்கத்திலேயே இருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அவர் எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும், அந்த வேப்பையும், ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள்.